ரசமட்டம் வைத்த நாலு அங்குலம்

திருவண்ணாமலையில் மனிதர்களைப் பக்கவாட்டில் மட்டுமே பார்த்துப் பழகிய ஒரே ஆள் ரசமட்டம்தான். நமக்கு ஒருவரைத் தெரியும் என்றால் அவர் முகம் தெரியும். ரசமட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் காது, தோள், இடுப்பு. இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் அவர் நல்லவர். இல்லாவிட்டால் இனிமேல்தான் நல்லவராக வேண்டும். காலையில் வணக்கம் சொல்லக்கூட எதிரே வந்து நிற்கமாட்டார். நாற்காலியைச் சுற்றி வந்து, நம் வலது தோளுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "வணக்கம் சார். காது ரெண்டு அங்குலம் முன்னாடி வந்துடுச்சு" என்பார்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு அலுவலகம். எந்தத் துறை என்று சொல்லமாட்டேன். நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. ரசமட்டம் அங்கே பதிவறை எழுத்தர். முடிந்துபோன கோப்புகளைக் கட்டுக்கட்டாக நாடா போட்டுக் கட்டி அடுக்கி வைப்பது அவர் வேலை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆனால், சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில், கொத்தனார்கள் சுவரின் சமம் பார்க்க வைப்பார்களே, உள்ளே நீர்க்குமிழி ஓடும் அந்தக் குட்டி ரசமட்டத்தை வைத்துக்கொண்டு திரிகிற ஆளை வேறு எந்தப் பெயரால் கூப்பிடுவது?

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டிருக்கிறேன். "ஒரு வாட்டி எனக்கு இடுப்பு புடிச்சு இருபது நாள் படுத்துட்டேன் சார். டாக்டர் ஊசி போட்டுட்டு, 'ஆபீஸ்ல எதுல குந்தறே?'னு கேட்டாரு. எனக்கு சொல்லத் தெரியல. பன்னெண்டு வருஷமா எதுல குந்தினு இருக்கேன்னே தெரியாம குந்தினு இருந்திருக்கேன் சார்!" என்றார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த திகிலைப் பார்த்தால் பாம்பின்மீது உட்கார்ந்திருந்தவர் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் எங்கள் கேடுகாலம் ஆரம்பம். முதலில் நாற்காலிகளின் முதுகில் கிடந்த துண்டுகளைக் கழற்றினார். அரசு அலுவலகத்தில் நாற்காலித் துண்டு என்பது துண்டா? அது பதவி. "துண்டு கழுத்த முன்னாடி தள்ளுது சார்" என்று சொல்லி, ஒரே மத்தியானத்தில் நாலு பேரைப் பதவி இறக்கினார். அடுத்து, நூலில் ஒரு இரும்புக் குண்டைக் கட்டி நம் காதுமடலிலிருந்து தொங்கவிட்டுப் பார்ப்பார். என் காதில் விட்ட குண்டு என் தொப்பைமேல் போய் நின்றது. தட்டச்சர் மலர்க்கொடி எட்டிப் பார்த்து, "தோள் எங்க சார்? நடுவுல வேற ஏதோ ஊர் வந்துடுச்சே" என்றாள்.

அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கவேண்டும் என்பது இன்னொரு சட்டம். எவர்சில்வர் டம்ளரை எடுத்து இரும்பு பீரோவில் டங்கென்று தட்டுவார். நாங்கள் எழுந்திருப்போம். நாங்கள் எழுந்தால், மனு கொடுக்க பெஞ்சில் காத்திருக்கும் ஜனங்களும் எதற்கென்று தெரியாமல் எழுந்திருப்பார்கள். ஒருநாள் டம்ளர் சத்தம் கேட்ட அதே நொடியில், முன்னறிவிப்பு இல்லாமல் மேலதிகாரி ஒருவர் உள்ளே நுழைந்தார். அலுவலகம் முழுக்க, பொதுமக்கள் உட்பட, எழுந்து நின்றது. மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆய்வுப் பதிவேட்டில் எங்கள் ஒழுக்கத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டுப் போனார்.

பௌர்ணமியன்று எங்களில் சிலருக்குக் கிரிவலப் பாதையில் வேலை போடுவார்கள். எல்லாரும் கால் வலியோடு திரும்பினால் ரசமட்டம் மனவலியோடு திரும்புவார். "எவ்ளோ ஜனம் சார்! அத்தன பேரும் பக்கவாட்டுல போறாங்க, நல்லா பாத்தேன். ஒருத்தராவது கழுத்த நேரா வச்சு நடக்கணுமே? எல்லாம் செல்போன்ல." ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கம் சாலைப் பக்கம் போய், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் உட்காருவதை ஆராய்ச்சி செய்வார். "தரையில குந்தினா அப்படியே கம்பம் மாதிரி இருக்காங்க சார். ஆனா காபி கடை நாற்காலியில போட்டுப் பாருங்க, நம்மளவிட மோசம்" என்று எனக்கு மட்டும் ரகசியம் போலச் சொன்னார்.

இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். ரசமட்டம் ஆரணிப் பக்கத்து ஒரு கிராமத்துச் சமணர். பரம்பரை பரம்பரையாக விவசாயக் குடும்பம். உட்காருமுன் நாற்காலியில் எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஊதி வழியனுப்பிவிட்டுத்தான் உட்காருவார். இது ஒன்று. இரண்டாவது, பொய் சொல்லமாட்டார். சும்மா கூடச் சொல்லமாட்டார். லீவு விண்ணப்பத்தில் நாங்களெல்லாம் 'கடும் காய்ச்சல்' என்று எழுதும் இடத்தில் அவர் 'வேர்க்கடலை பிடுங்க வேண்டியுள்ளது' என்று எழுதுவார். இந்தக் குணம் ஒருநாள் எனக்கே வேட்டு வைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது என் கால்களைப் பற்றி. எனக்கு உயரம் கம்மி. ஆபீஸ் நாற்காலிக்கு அது தெரியாது. அதில் நான் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. சலூனில் பலகை போட்டு உட்காரவைத்த பையன் மாதிரி தொங்கும். பதினெட்டு வருட சர்வீஸில் பாதியைக் காலை ஆட்டிக்கொண்டேதான் கழித்தேன். நாலு மணிக்கெல்லாம் பாதம் மரத்துப்போகும். எனக்கு ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் பயம். பாதம் மரத்தால் சர்க்கரை, சர்க்கரை என்றால் சிறுநீரகம் என்று போனில் தேடித் தேடி, ஒரே மத்தியானத்தில் பத்துப் பதினைந்து வியாதிகளில் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

ரசமட்டம் குனிந்து என் கால்களைப் பார்த்தார். தொடைக்குக் கீழே விரலை நுழைத்துப் பார்த்தார். "சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாற்காலி முனை தொடைய நசுக்குது, ரத்தம் எறங்கல. நாலு அங்குலம் கம்மி சார் உங்களுக்கு" என்றார்.

"கடவுள்கிட்டதான் கேக்கணும்."

"எதுக்கு? பதிவறையில இருக்கு."

மறுநாள் காலை என் மேஜைக்குக் கீழே, பழைய பச்சை ஜன்னல் திரையில் சுற்றித் தைத்த ஒரு பொட்டலம் இருந்தது. கால் வைத்தேன். பாதம் முழுதாகப் படிந்தது. முதுகு தானாகப் போய் நாற்காலியில் சாய்ந்தது. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக நான் உட்கார்ந்திருந்தேன். அதுவரை தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அன்று நாலு மணிக்குப் பாதம் மரக்கவில்லை. ஐந்து மணிக்கும் மரக்கவில்லை. எல்லா வியாதியும் ஒரே நாளில் குணமாகிவிட்டதால் எனக்குக் கொஞ்சம் வெறுமையாகக்கூட இருந்தது.

இதைப் பார்த்து எல்லாருக்கும் ஆசை வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரை கண்ணுக்கு நேராக இருக்கவேண்டும் என்று மலர்க்கொடி திரைக்குக் கீழே ஒரு கட்டு. இன்னொருவருக்கு முழங்கைக்கு ஒரு கட்டு. ரசமட்டம் பதிவறையில் கோப்புக் கட்டுகளை எண்ணால் தேடமாட்டார், கனத்தால் தேடுவார். "மூணு அங்குலமா? மேல் தட்டுல கெடைக்கும்" என்பார். ஒரு மாதத்தில் பதிவறையில் இருந்தவற்றில் பல, வெளியே வந்து எங்கள் உடம்புகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் ஒரு புதன்கிழமை, நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய நில வழக்கு ஒன்றின் அசல் கோப்பு திங்கட்கிழமை நேரில் வரவேண்டும். எங்கள் அதிகாரி மேடம் தானே எடுத்துக்கொண்டு போய் நிற்கவேண்டும். மேடம் புதிதாக மாற்றலாகி வந்தவர். குரல் உயராது. ஆனால் அவர் மெதுவாகப் பேசப் பேச நமக்கு வியர்க்கும்.

கோப்பு இல்லை.

நகர்வுப் பதிவேட்டைப் புரட்டினார்கள். கடைசியாக அந்தக் கோப்பை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் யார்? அடியேன். திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறதா? இல்லை. திருப்பிக் கொடுத்தேன் என்பது எனக்கு நினைவிருந்தது. டீக்குப் போகிற அவசரத்தில் ரசமட்டத்தின் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனதும் நினைவிருந்தது. நினைவுக்கு அரசு அலுவலகத்தில் என்ன மரியாதை?

சாயங்காலம் என் கையில் மெமோ வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பு வராவிட்டால் என்மேல் ஒழுங்கு நடவடிக்கை. அந்த 'ஒழுங்கு' என்ற வார்த்தையைப் படித்ததும் நான் பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை முழுக்கத் தேடினோம். ரசமட்டம் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பதிவறையைத் தலைகீழாக்கினார். மேடம் வாசலில் நின்று, "அந்த ஃபைல் பதிவறைல இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். "இல்ல மேடம்" என்றார் ரசமட்டம். சத்தியமான பதில். பீரோக்கள், பரண், ஓட்டை ஜீப் நிற்கும் கொட்டகை, எல்லாம் பார்த்தோம். எங்கள் திரைகளுக்கும் கைகளுக்கும் அடியில் மட்டும் யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் தோன்றவே இல்லை. ஒரு கட்டு கம்ப்யூட்டருக்குக் கீழே போய்விட்டால் அதற்கப்புறம் அது கோப்பு இல்லை, சாமான்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. "சஸ்பெண்ட் பண்ணிட்டா என்ன பண்றது?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி, எதற்கும் அசையமாட்டாள். "அப்பாவுக்குக் கடலை உரிக்க ஆள் கெடைக்கல. வா, போலாம்" என்றாள். ஆறுதல் சொல்கிறாளா, ஏற்கெனவே பேசி முடித்துவிட்டாளா என்று தெரியாமல் எனக்கு இன்னும் படபடத்தது.

வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. இன்னும் இரண்டரை மணி நேரம். ரசமட்டத்தின் டம்ளர் அடித்தபோது எல்லாரும் எழுந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. பயம் வந்தால் எனக்குக் கால் நிற்காது. பச்சைத் திரைப் பொட்டலத்தின்மேல் இரண்டு காலும் தறி மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு நாளாக இதே அடிதான். திடீரென்று ஏதோ கிழியும் சத்தம். கட்டை விரல் துணிக்குள் போய்விட்டது. குனிந்து பார்த்தேன். கிழிசலுக்குள் ஒரு கோப்பின் அட்டை. அட்டையில் கோணல்மாணலாக ஒரு எண்ணும், வழக்கின் பெயரும். யார் கையெழுத்து இவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று பார்த்தால், என்னுடையது.

ஊரே தேடிய கோப்பைக் காலுக்குக் கீழே போட்டு, அதன்மேல் சுகமாகக் கால் வைத்து, அது கிடைக்கவில்லையே என்று இரண்டு நாள் வியர்த்திருக்கிறேன்!

"ரசமட்டம்" என்றேன். கையை ஆட்டினேன். வழக்கம்போல வலது பக்கமாக வந்து நின்றார். கீழே காட்டினேன். பார்த்தார்.

"நாலு அங்குலத்துக்கு ஒண்ணு கொறைஞ்சுது சார். மேஜைமேல ஒரு ஃபைல் இருந்துச்சு. சரியா இருந்துச்சேனு சேத்துக் கட்டிட்டேன்" என்றார். பிறகு, "வாங்க சார், மேடம்கிட்ட சொல்லிடலாம்" என்றார்.

"யோவ், சொன்னா ரெண்டு பேரும் காலி. சத்தமில்லாம எடுத்துக்கினு போய் பதிவறையில வச்சிடுவோம். அப்புறம் நீயே 'கெடைச்சிடுச்சு'னு கத்து."

"பதிவறையிலயா கெடைச்சுதுனு மேடம் கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"கேட்டா?"

கேட்டால் இந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிடுவார். அந்த நொடியில் என் வேலை, என் சம்பளம், மாமனார் வீட்டுக் கடலை மூட்டை எல்லாம் கண் முன்னே வந்துபோயின. சரி, நாமே செய்வோம் என்று சட்டென்று குனிந்தேன்.

"முட்டிய மடக்குங்க சார்! இடுப்ப மடக்காதீங்க! முட்டிய..."

யார் கேட்டது? இரண்டு கையாலும் பொட்டலத்தைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினேன். இடுப்பில் மளுக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பூட்டுப் போட்டது போல உடம்பு நின்றுவிட்டது. தலை முழங்காலுக்கு நேரே, கையில் கட்டு, பின்புறம் வானத்தைப் பார்த்து.

மலர்க்கொடி பதறிப்போய், "சார், மேடம் வராங்க, எழுந்திருங்க!" என்றாள்.

"முடியல."

"கொஞ்சமாவது எழுந்திருங்க சார்!"

"கொஞ்சமும் முடியல!"

எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. தரையில் மேடத்தின் செருப்பு வந்து, என் மூக்குக்கு நேரே நின்றது. மேலிருந்து அந்த உயராத குரல் கேட்டது. "என்ன சார் இது? கால்ல விழற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். விழுந்தாலும் மெமோவ வாபஸ் வாங்கமாட்டேன். எழுந்திருங்க."

நான் எழவில்லை. எழ முடிந்தால்தானே?

"எழுந்திருங்கனு சொல்றேன். எல்லாரும் பாக்கறாங்க."

என் பிடிவாதத்தைப் பார்த்து மேடமே ஒரு அடி பின்வாங்கிவிட்டார். அப்போதுதான் ரசமட்டத்தின் குரல் கேட்டது.

"மேடம், அவரு உங்க கால்ல விழல. இடுப்பு புடிச்சினு இருக்கு. கையில இருக்கறது நீங்க தேடற ஃபைல். அத அவரு காலுக்குக் கீழ வச்சது நான்."

நாலு வாக்கியம். நாலும் உண்மை.

"காலுக்குக் கீழயா? எதுக்கு?"

"அவரு கால் தரையில படல மேடம். தொங்கினு இருந்துச்சு. தொங்கினா தொடை நசுங்கி ரத்தம் எறங்காது. முதுகு சாயாது. சாயலன்னா கழுத்து முன்னாடி வரும், தலைவலி வரும். தலைவலியோட கையெழுத்துப் போட்டா ஃபைல் தப்பாப் போவும். அதான் வச்சேன். உள்ள எந்த ஃபைல்னு பாக்கல, கனம்தான் பாத்தேன். தப்பு என்னுது."

நான் வாயைத் திறந்திருக்கலாம். கையெழுத்து வாங்காமல் மேஜைமேல் வீசிவிட்டு டீக்குப் போனது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடுப்பு வலியில் பேச்சு வரவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரசமட்டமாக இருந்தால் தனக்குத்தானே கூட அப்படி ஒரு பொய் சொல்லமாட்டார்.

அவரும் மலர்க்கொடியும் சேர்ந்து என்னை அப்படியே மடங்கின நிலையில் பெஞ்சுக்குக் கொண்டுபோய், பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலுக்கு நடுவில் ஒரு கோப்புக் கட்டை வைத்தார்கள். இந்த முறை ரசமட்டம் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கோப்பாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். டாக்டர் வந்து பார்த்து, சதைப்பிடிப்புதான், மூன்று நாள் படுக்கை என்றார். இந்த முறை லீவு விண்ணப்பத்தில் நானும் உண்மையை எழுதினேன்.

திங்கட்கிழமை கோப்பு பத்திரமாக நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. என் மெமோ ரத்தானது. ரசமட்டத்திடம் விளக்கம் கேட்டார்கள். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது பக்கம் முழுக்கப் படம்: பக்கவாட்டில் நான், தொங்கும் கால், நசுங்கும் தொடை, அம்புக்குறிகள். அந்தப் படம் என் பெயரோடு அரசுக் கோப்பில் இன்றைக்கும் இருக்கிறது. மேடம் அதன் ஓரத்தில் 'இனி எச்சரிக்கையாக இருக்கவும்' என்று எழுதி முடித்துவிட்டார். கட்டுகளெல்லாம் ஒன்றுவிடாமல் பதிவறைக்குத் திரும்பவேண்டும் என்று உத்தரவும் போட்டார். ஒரே நாளில் எங்கள் திரைகள் இறங்கின, கழுத்துகள் குனிந்தன, என் கால் மறுபடி தொங்கியது.

அன்று மாலை கையெழுத்து வாங்க மேடம் அறைக்குப் போனேன். அதிகாரிகளுக்கென்று வாங்கிய உயரமான சுழல் நாற்காலி. மேடம் என்னைவிட ஒரு அங்குலம் உயரம் இருந்தால் அதிகம். பேனா கீழே விழுந்தது. முட்டியை மடக்கி எடுத்தேன். எடுக்கும்போது மேஜைக்கு அடியில் பார்த்துவிட்டேன். மேடத்தின் இரண்டு காலும் தரையைத் தொடாமல் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

நான் நிமிர்ந்ததும் மேடம் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அதே உயராத குரலில், "அவரக் கூப்பிடுங்க. ஃபைல் வேண்டாம். பலகை ஏதாவது கெடைக்குமானு கேளுங்க" என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ரசமட்டம் ஒரு தச்சர் பட்டறையில் உட்கார்ந்து எங்கள் எல்லாருக்கும் பலகை அறுத்து வாங்கி வந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயர். என்னுடையது நாலு அங்குலம்.

ஆறு மாதத்தில் அவருக்கு ஆரணிக்கு மாற்றல் வந்தது. தண்டனை இல்லை, அவரே கேட்டு வாங்கியது; அம்மாவுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். பேருந்து நிலையத்தில் வழியனுப்பப் போனேன். வழியெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார், எறும்பு பார்த்துவிட்டுத்தான். நான் கீழே நின்று, "அன்னிக்கு நானும் சொல்லியிருக்கணும். ஃபைல வீசிட்டுப் போனது நான்தான்" என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் சார். வீசினதப் பாத்தேனே. எந்த ஃபைல்னுதான் பாக்கல" என்றார்.

பேருந்து உறுமியது. எட்டு வருடமாக என் மேஜை, இடது பக்கம் சுவரோடு சுவராகக் கிடந்தது. அவர் எப்போதும் என் வலது பக்கம்தான் நிற்பார். அன்று ஜன்னலிலிருந்து குனிந்து, முதல்முறையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். ஒரு கண்ணை மூடவில்லை.

"இன்னா சார், இடது கன்னத்துல உங்களுக்கு மச்சம் இருக்கா?" என்றார். பேருந்து கிளம்பிய பிறகும் தலையை வெளியே நீட்டி, கழுத்து எப்படிக் கோணினாலும் பரவாயில்லை என்று, என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனார்.